மண் சுமப்பது யார்? கமிட்டியில் இருப்பது யார்?

(அவினாசி தாலுகாவைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், தாய்மார்கள் பெரும்பான்மையோராய்க் கூடியிருந்த கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



நீர்வடிப்பகுதிப் பாதுகாப்பில் பெண்களுக்குள்ள பங்கு என்ன என்பதைப் பற்றி இன்று நான் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறேன். தலைப்பைப் பார்த்தால் ஏதோ சர்க்கார் ஆபீசிலிருந்து வந்த காகிதம் போலத் தோன்றும். ஆனால் விஷயம் உங்கள் இடுப்புக் குடத்தின் விஷயமேயாகும். எனக்கு முன் பேசிய தோழர், பெண்களுக்குக் குடும்பச் சிக்கனத்தைப் பற்றியும் குழந்தை வளர்ப்பைப் பற்றியும் சொன்னால் போதும், குளங்குட்டை விவகாரமெல்லாம் அவர்களுக்கு எதற்கு என்கின்ற கருத்துப்படப் பேசினார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் நான் மேடையிலிருந்து பார்க்கிறேன். இங்கே இருபது நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. இருபதிலும் ஆண்களே உட்கார்ந்திருக்கிறோம். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேரான தாய்மார்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சொல்லப் போகின்ற சங்கதி முழுவதும் இந்த நாற்காலிக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு வார்த்தை. நான் சொல்வதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். நான் காலேஜில் படித்தவனுமல்ல. கண்டதையும் கேட்டதையும் கொண்டு என் புத்திக்கு எட்டியதைச் சொல்லுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! நம் நாட்டுப் பண்டிதர்கள் மழையைப் பற்றிப் பெண்களுக்கு ஒரு பெரிய பதவி கொடுத்து வைத்திருக்கிறார்கள். கற்புள்ள பெண் சொன்னால் மழை பெய்யும் என்கிறார்கள். அதாவது, எந்தப் பெண் வேறு தெய்வத்தைக் கும்பிடாமல் புருஷனையே கும்பிட்டு எழுந்திருக்கிறாளோ, அவளுடைய உத்தரவுக்கு மேகம் கட்டுப்படுமாம். சரி, அப்படியானால் மழை பெய்யாத வருஷத்தில் என்ன அர்த்தம்? இந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கெட்டுப் போனார்கள் என்று அர்த்தமா? இதைச் சொல்லுகின்ற பண்டிதன் தன் வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, "சித்திரை மாதம், வெயில் கொளுத்துகிறது, ஒரு அங்குலம் பெய்யச் சொல்லு" என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? மேகத்துக்கு உத்தரவு போடுகிற அதிகாரம் பெண்ணுக்கு உண்டு. ஆனால் ஊர்க் குட்டையில் எந்தப் பக்கம் கரை போடுவது என்று சொல்லுகின்ற அதிகாரம் மாத்திரம் கிடையாது! ஆகாயத்தில் இருக்கும் தண்ணீரைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் பூமியில் இருக்கும் தண்ணீரை ஆண் எடுத்துக் கொண்டான் என்பதுதான் இதன் தாத்பரியம்.

மழை வராவிட்டால் அதற்காகக் கூத்தாடுகிற வேலையும் உங்கள் தலையிலேயே சுமத்தப்பட்டிருக்கிறது. வீடு வீடாய்ப் போய் மழைச்சோறு எடுப்பது யார்? பெண்கள். கொடும்பாவி கட்டித் தெருவில் இழுத்தால் மாரடித்து ஒப்பாரி வைப்பது யார்? பெண்கள். கழுதைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்து வைத்தால் ஆரத்தி எடுப்பது யார்? அதற்கும் பெண்களே. கழுதைகளுக்காவது ஒரு வேளை நல்ல தீனி கிடைக்கிறது. உங்களுக்கு என்ன கிடைத்தது?

இது படிக்காத கிராமத்து ஜனங்களின் பைத்தியக்காரத்தனம் என்று பட்டணத்துத் தோழர்கள் சிரிக்க வேண்டியதில்லை. 2019-ஆம் வருஷக் கோடையில், இந்து சமய அறநிலையத் துறையாரே மழைக்காக யாகமும் வருண ஜபமும் நடத்தும்படி கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்கள். அண்டாவில் தண்ணீரை நிரப்பி அதற்குள் உட்கார்ந்து கொண்டு ஜபித்ததைப் பத்திரிகையில் படம் போட்டார்கள். அந்த ஜூன் மாதத்திலேதான் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கின்ற ஏரிகள் வறண்டு போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு போனார்கள். தண்ணீர் கொண்டு வந்தது வருணனா, ரயில்வேக்காரனா என்று யோசித்துப் பாருங்கள். குடிக்கத் தண்ணீரில்லாத காலத்தில் ஒரு அண்டாத் தண்ணீரில் ஒருவர் உட்கார்ந்து அதைக் குடிக்க உதவாமற் செய்தார் என்பதுதான் கண்ட பலன்.

நிற்க. நம்முடைய கோவை ஜில்லாவிலேயே வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறில் வருஷத்துக்கு நூறு அங்குலத்துக்கு மேல் மழை கொட்டுகிறது. இங்கே, அன்னூர், அவினாசிப் பக்கத்தில், 30 அங்குலத்தைத் தொடுவதே அபூர்வம். சின்னக்கல்லாறில் யார் யாகம் செய்தார்கள்? தேயிலைச் செடிகளா? தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் மோதி மேலே ஏறுகிறபோது குளிர்ந்து மழையாய் அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம்மிடம் வரும்போது வெறுங்கையோடு வருகிறது. மலைக்கு மறைவில் இருப்பதால் நாம் வானம் பார்த்த பூமிக்காரர்களாய் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து வருகின்ற மழைதான் நமக்கு முக்கியமானது. அதுவும் நாலு நாளில் அடித்துப் பெய்துவிட்டுப் போய்விடும். இதில் எந்தத் தெய்வத்தின் கோபமும் இல்லை, எந்தப் பெண்ணின் குற்றமும் இல்லை.

ஆனால் குறைந்த மழை என்று நாம் சொல்லுகின்றதையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அங்குல மழை பெய்தால் அது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் பிடிக்கின்ற குடமானால் சுமார் 7,000 குடம்! 25 அங்குலம் பெய்தால் ஒரு ஏக்கருக்கு இருபத்தைந்து லட்சம் லிட்டர். இவ்வளவும் வந்து போகிறது. எங்கே போகிறது? காட்டுச் சரிவில் ஓடி, மேல் மண்ணை வாரிக் கொண்டு, பள்ளத்தில் இறங்கி, நொய்யலுக்கோ பவானிக்கோ போய்விடுகிறது. நமக்குக் கீழே இருப்பது கெட்டியான பாறை. மேலே பத்திருபது முழம் சுக்கான் மண்ணும் உளுத்த கல்லும். அந்த உளுத்த பாகந்தான் நமக்குத் தண்ணீர்த் தொட்டி. அதற்கும் கீழே பாறை வெடிப்பில் ஏதோ கொஞ்சம் இருந்தால் உண்டு. மழைத் தண்ணீரைச் சரிவிலேயே சமமட்ட வரப்பு போட்டு நிறுத்தி, பள்ளத்தில் தடுப்பணை போட்டு, கசிவுநீர்க் குட்டை வெட்டி இறங்கவிட்டால் அந்தத் தொட்டி நிரம்பும். ஓடவிட்டால் காலியாய்க் கிடக்கும். ஒரு சொட்டு விழுந்தால் எந்தப் பள்ளத்துக்கு ஓடி வருகிறதோ, அந்தச் சரிவு முழுவதும் ஒரு நீர்வடிப்பகுதி. உச்சியிலிருந்து ஆரம்பித்து அடி வரையில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இந்தச் சாஸ்திரம். இதற்கு மந்திரம் தேவையில்லை, மண்வெட்டி தேவை.

இந்தத் தொட்டியை நிரப்பாமல், நாம் கீழே கீழே துளை போட்டுக் கொண்டே போகிறோம். ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி. எங்கே துளை போடுவது என்று சொல்லுவதற்கு ஒரு ஆசாமி வருகிறான். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக் கொண்டு காட்டில் நடக்கிறான். தேங்காய் நிமிர்ந்து நின்றால் அடியில் கங்கை ஓடுகிறது என்கிறான். தோழர்களே, என் தமக்கை வீட்டுக் கதையைச் சொல்லுகிறேன். அவர் புருஷனுக்கு ஆறு ஏக்கர் காடு. ஒரு தேங்காய்க்காரன் சொன்ன இடத்தில் 950 அடி போட்டார்கள். புகைதான் வந்தது. "ராகு பார்த்துவிட்டான், பரிகாரம் செய்து மூலையில் போடுங்கள்" என்றான். போட்டார்கள். அதுவும் புகை. முதல் போருக்குத் தமக்கையின் வளையல்கள் போயின. இரண்டாவதற்குத் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று. கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு என் வீட்டுக்கு வந்து நின்றார். தேங்காய் நின்றதும் ஆணின் கையில், பணம் வாங்கியதும் ஆண், தீர்மானம் செய்ததும் ஆண். நகை மாத்திரம் பெண்ணுடையது. இந்த ஊரில் எத்தனை பேருடைய கொடி இப்படிப் போயிற்று என்று கை தூக்கச் சொன்னால் நீங்கள் வெட்கப்படுவீர்கள். ஆகையால் கேட்கவில்லை.

அந்தத் தமக்கை இரண்டு போருக்கும் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "ஏனுங்க, கீழ்காட்டுப் பள்ளத்தோரம் தையிலயும் புல்லு பச்சையா நிக்குதுங்க. அங்க கரையைக் கட்டித் தண்ணிய நிறுத்துங்க, கெணத்துல ஊறுமுங்க." மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும் எங்கே ஈரம் இருக்கிறதென்று. "உனக்கென்ன தெரியும்" என்று பதில் வந்தது. தேங்காயின் பேச்சுக்கு இருந்த மதிப்பு கட்டின மனைவியின் பேச்சுக்கு இல்லை.

இனி, வேலை செய்வது யார் என்று பாருங்கள். 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட நூறு நாள் வேலையில், பயனடைவோரில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் பெண்களாய் இருக்க வேண்டுமென்று விதித்தார்கள். தமிழ்நாட்டில் நடந்ததோ, வேலை நாட்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்களே. குட்டை தூர் வாரியது, வரப்பு போட்டது, பள்ளத்தில் கல்லடுக்கியது, மரக்கன்றுக்கு குழி எடுத்தது எல்லாம் பெண்களின் கைகள். வேலூர் ஜில்லாவில் வறண்டு கிடந்த நாகநதியின் நீர்வடிப்பகுதியில் நீர் இறங்கு கிணறுகளையும் கல் தடுப்புகளையும் செய்தவர்கள் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களே. அந்த ஏற்பாட்டுக்கு ஒரு சாமியாருடைய ஸ்தாபனத்தின் பெயர் கிடைத்தது. மண் சுமந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, நிர்வாகத்தில் இருப்பது யார்? 1995 முதல் ஒரே விதமான நீர்வடிப்பகுதி விதிகள் நாடு முழுவதும் அமுலுக்கு வந்தன. 2008-இல் அவற்றைத் திருத்திப் பொது விதிகள் செய்தார்கள். கிராமந்தோறும் குறைந்தது பத்துப் பேர் கொண்ட நீர்வடிப்பகுதிக் கமிட்டி வேண்டும்; அதில் பாதிப் பேர் சுய உதவிக் குழுவினர், நீரைப் பயன்படுத்துவோர் குழுவினர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், நிலமில்லாதார் இவர்களின் பிரதிநிதிகளாய் இருக்க வேண்டும் என்றார்கள். பார்த்தீர்களா, எப்படி ஒரே சாக்கில் எல்லோரையும் போட்டுக் கட்டிவிட்டார்கள்! நிலமில்லாத தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் ஒருத்தியை உட்கார வைத்தால் மூன்று கணக்கையும் ஒரே ஆளில் முடித்துவிடலாம். அப்படி உட்கார வைத்தாலாவது பரவாயில்லை. பல ஊர்களில் என்ன நடந்தது? மினிட் புஸ்தகம் வீட்டுக்கு வந்தது. அடுப்பங்கரையில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக் கொண்டு போய்விட்டார்கள். "கூட்டத்தில் அம்மையார் கலந்து கொண்டு ஆமோதித்தார்" என்று எழுதினார்கள். அம்மையார் அப்போது ராகிக்களி கிண்டிக் கொண்டிருந்தார். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல சட்டம். ஆனால் தலைவர் நாற்காலியில் தலைவியின் புருஷன் உட்காருகிறார். ஜனங்களும் அவரைத்தான் "தலைவருங்க" என்று கூப்பிடுகிறார்கள். இதில் நம்முடைய இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் வீடும் விலக்கல்ல. எனக்கு மனஸ்தாபம் வந்தாலும் சொல்லித்தான் தீரவேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை என்ன? பட்டா! நிலத்துக்குச் சொந்தக்காரனே தண்ணீருக்குச் சொந்தக்காரன் என்பது நம் நாட்டு ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2000-ஆம் வருஷத்தில் பாசன நிர்வாகத்தில் விவசாயிகள் பங்கெடுப்பதற்கு ஒரு சட்டம் செய்தார்கள். அந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் நில உரிமையாளருக்கே ஓட்டு. களை எடுப்பவள், நாற்று நடுபவள், ராத்திரியில் மடை மாற்றிவிடுபவள் எல்லாம் பட்டாவில் இல்லை. ஆகையால் சங்கத்திலும் இல்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் சாகுபடி நிலத்துக்குப் பொறுப்பாளராகப் பதிந்திருப்பவர்களில் பெண்கள் நூற்றுக்கு 14 பேர்தான். வெயிலில் நிற்பவர்களை எண்ணினால் கணக்கு எவ்விதம் இருக்கும் என்பது நீங்கள் அறிந்ததே.

செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்யப்பட்டது. கேட்டவர்கள் சிரித்தார்கள். அறுபது வருஷங் கழித்து, 1989-இல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. 2005-இல் இந்தியா முழுவதற்கும் வந்தது. தகப்பனார் எப்போது இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவாய்ச் சொல்லிவிட்டார்கள். சட்டம் இருக்கிறது, நிலம் எங்கே? அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறோம். "உனக்குத்தான் சீர் செய்தாச்சே, கல்யாணத்துக்கு இத்தனை பவுன் போட்டாச்சே" என்று சொல்லிச் சகோதரியைப் பதிவாபீசுக்கு அழைத்துப் போய் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்! நாம் எந்த வார்த்தையைக் கொடியில் எழுதித் தூக்கிக் கொண்டு திரிகிறோமோ, அதே வார்த்தை! பெண்ணுக்கு அவளுடைய நிலத்திலிருந்து விடுதலை!

தோழர்களே! அப்படிப்பட்ட ஒரு பத்திரத்தினால் லாபமடைந்தவன்தான் இப்போது உங்கள் முன் பேசுகிறேன். மேலே சொன்ன தமக்கையேதான் எழுதிக் கொடுத்தார். அப்போது நான் மேடையேறிப் பெண் விடுதலை பேசிக் கொண்டிருந்தவன். பெரியவர்கள் ஏற்பாடு செய்தார்கள், நான் வாய் திறக்கவில்லை. அவருடைய மஞ்சள் கயிற்றைப் பார்த்த பிறகுதான் எனக்கு மானம் வந்தது. என் பங்கில் பாதியை, பள்ளத்தோரமாய் இருக்கும் பாகத்தை, அவர் பெயருக்கே எழுதி வைத்தேன். ஊரில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். தமக்கையே, "ஏன்டா தம்பி, இதெல்லாம் எதுக்கு? சாதி சனம் என்ன பேசும்?" என்று அழுதார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பண்ணைக்குட்டைக்கு மனுக் கொடுத்தபோது, சிட்டாவும் அடங்கலும் அவர் பெயரிலேயே இருந்தன. யாருடைய கையெழுத்தையும் கேட்க வேண்டியதாயில்லை. குட்டையை எந்த மூலையில் எடுப்பது என்று அவரே நின்று காட்டினார். இப்போது அந்தப் பழைய கிணற்றில் மாசி வரையில் தண்ணீர் நிற்கிறது. அற்புதமென்று சொல்ல வரவில்லை. பங்குனியில் இன்னும் வற்றத்தான் செய்கிறது.

இது நிலமுள்ள வீட்டுச் சங்கதி. நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வது? இந்தக் கூட்டத்தில் அந்த ஓரத்தில் தனியாய் உட்கார்ந்திருக்கும் அருந்ததியத் தாய்மார்களை நான் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறேன். தரையிலும் தனித் தரை! கசிவுநீர்க் குட்டைக்கு மண் எடுத்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள். குட்டை நிரம்பினால் ஊறுவது குட்டைக்குக் கீழ் இருக்கும் தோட்டக்காரர் கிணறு. மண் சுமந்தவளுக்குக் கூலியோடு சரி. இது சர்க்கார் பணத்தில் பண்ணாடிக்குக் கிணறு வெட்டிக் கொடுத்ததாகாதா? பார்ப்பனப் புரோகிதனைத் திட்டினால் கை தட்டுகின்ற நாம் இந்த இடத்தில் மாத்திரம் ஏன் தரையைப் பார்க்கிறோம்?

வேறு வழியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மகாராஷ்டிரத்தில் புனா பக்கத்து நைகாவ் என்னுமிடத்தில் 1970-களில் விலாசராவ் சாலுங்கே என்கின்ற இஞ்சினீயர் ஆரம்பித்த பானி பஞ்சாயத்தில், தண்ணீரை நிலத்தின் அளவுக்குப் பங்கு போடாமல் குடும்பத்தில் உள்ள ஆட்களின் எண்ணிக்கைக்குப் பங்கு போட்டார்கள். நிலமில்லாதவனுக்கும் தண்ணீரில் பங்கு உண்டு. கரும்பு போன்ற தண்ணீர் குடிக்கும் பயிர் கூடாது என்றும் கட்டுப்பாடு செய்தார்கள். தண்ணீர் ஊருக்குப் பொது என்பதைப் பேச்சில் வைக்காமல் கணக்கில் வைத்தார்கள்.

நம் பக்கத்துக்கு இப்போது புதிதாய்த் தண்ணீர் வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டு 17-இல் அத்திக்கடவு அவினாசித் திட்டம் திறக்கப்பட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேயிருந்து பவானியின் உபரிநீரில் வருஷத்துக்கு 1.5 டி.எம்.சி. இறைத்து, ஈரோடு, திருப்பூர், கோவை ஜில்லாக்களில் 1,045 குளங்குட்டைகளில் விடுகிறது. அறுபது வருஷமாய்க் கேட்டது, வந்தது, சந்தோஷம். ஆனால் குழாயில் வரும் தண்ணீரை நம்பி, வானத்திலிருந்து வரும் தண்ணீருக்கு வாரியை அடைத்துவிடக் கூடாது. குட்டைக்கு வருகின்ற நீர்வழியை யார் வளைத்துக் கொண்டார்கள், யார் குப்பை கொட்டுகிறார்கள் என்பது அதன் ஓரமாய் விறகுக்கும் புல்லுக்கும் தினமும் போகின்ற உங்களுக்குத் தெரிந்த அளவு தாசில்தாருக்குத் தெரியாது.

பெண்ணின் கண்ணுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டு ஜில்லா பிளாச்சிமடையில், கோகோ கோலா கம்பெனி வந்த பிறகு கிணற்றுத் தண்ணீரின் ருசி மாறிவிட்டது, சோறு வேகவில்லை என்று முதலில் சொன்னவர்கள் தண்ணீர் சேந்துகின்ற பெண்கள். அவர்களில் எரவாளர் என்கின்ற ஆதிவாசி வகுப்பைச் சேர்ந்த மயிலம்மாள் 2002-இல் கம்பெனி வாசலில் உட்கார்ந்தார். 2004-இல் கம்பெனி வேலை நின்றது. கம்பெனியார் குற்றத்தை ஒப்புக் கொள்ளவில்லை. ஆனால் 2010-இல் கேரள சர்க்கார் போட்ட கமிட்டி நஷ்டத்தைச் சுமார் 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. மயிலம்மாள் அதைப் பார்க்கவில்லை. 2007-இலேயே இறந்து போனார். நம் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் அம்மையார் நூறு வயதுக்கு மேலும் தன் நிலத்தில் தானே பாடுபட்டார். கடை வியாபாரத்தில் மிச்சம் பிடித்துத் தன் பெயரிலேயே நிலம் வாங்கியவர். உள்ளாட்சி மன்றத்திலும் இருந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் காலமானார். அவரைப் புகழ்கிறவர்கள் வயதைச் சொல்லி ஆச்சரியப்படுகிறார்கள். நான் ஆச்சரியப்படுவது பட்டாவைப் பார்த்து.

ஆகவே, மார்ச்சு 22-ந் தேதி உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடும். இதை 2022 முதல் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அன்றைக்கு இந்த ஊர்த் தாய்மார்கள் நூறு பேராவது போக வேண்டும். போய்த் தரையில் உட்காரக் கூடாது. நம் குட்டைக்கு இதுவரையில் எத்தனை ரூபாய் செலவாயிற்று, எந்தெந்தக் கிணறு ஊறுகிறது, கமிட்டியில் யார் யார் பெயர் இருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயர் வந்தால், "நான் எப்போது வந்தேன்?" என்று எழுந்து கேளுங்கள். அருந்ததியத் தாய்மார்களும் நீங்களும் ஒரே வரிசையில் உட்காருங்கள். கரை மேல் இருக்கும் இரண்டு போர்க்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நேரமாகிவிட்டது. அன்னூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் கேள்வி கேட்கலாம். தலைவர் அனுமதித்தால், முதல் கேள்வி தாய்மார்கள் பக்கத்திலிருந்து வரட்டும். இந்த முன் வரிசைத் தோழர்கள் தயவு செய்து கொஞ்சம் எழுந்து நாற்காலிகளை அந்தப் பக்கம் எடுத்துக் கொடுங்கள்.